முப்பது என்று எழுதிய கட்டம்

மூன்று வெள்ளிக்கிழமைகளாக அந்த நேர்காணல் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்ததெல்லாம் நாற்காலியில் எப்படி உட்காருவது என்பதைத்தான். முதுகை நிமிர்த்த வேண்டும், கையைக் கட்டக் கூடாது, கேள்வி கேட்டவரின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். ஊட்டியில் எம்.எஸ்சி. நிலவியல் கடைசி வருடம் படிக்கும் ஒன்பது பேரும் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். மண்ணைப் பற்றியோ பாறையைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பாவம், அது அவருடைய வேலையும் இல்லை.

கெஸியா மட்டும் அதிகம் எழுதிக்கொள்ளவில்லை. அவளுக்கு அவ்வளவு தைரியம். திங்கட்கிழமை கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று கல்லூரிக்கு ஆள் எடுக்க வருகிறது. மலைச்சரிவுகளை ஆராய்ந்து எங்கே வீடு இருக்கலாம், எங்கே கூடாது என்று எழுதிக்கொடுக்கும் கம்பெனி அது. எடுக்கப்போவது ஒரே ஒருவரை. ஆறு வாரமாக அந்தக் கம்பெனிக்குத்தான் அவள் பயிற்சிக்குப் போய்வந்திருக்கிறாள். மற்ற எட்டுப் பேரும் இந்த வேலை கெஸியாவுக்குத்தான் என்று மனதளவில் எழுதிவைத்துவிட்டார்கள்.

"உனக்கெதுக்கு இந்தப் பயிற்சியெல்லாம்? உன் கிராஃபைக் காட்டினாலே அவங்க எந்திரிச்சு நின்னு கை குடுப்பாங்க" என்றான் நௌஷாத். மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பையன், வகுப்பில் அவளுக்கு அடுத்தபடி மார்க் வாங்குகிறவன். பொறாமையை மறைக்கத் தெரியாதவன் என்பதால் அவனை அவளுக்குப் பிடிக்கும்.

அப்பா டக்ளஸ் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். குந்தா மின்நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாக ஒப்பந்தத் தொழிலாளி. நிரந்தரம் என்ற சொல்லை மட்டும் அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. மகளுக்காவது அது வாய்க்கட்டும் என்று போன ஞாயிறே சர்ச்சில் பெயர் சொல்லி ஜெபம் செய்ய வைத்துவிட்டார். ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இனி கிடைக்காமல் போனால் எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அவளுடைய பயிற்சி குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில். தொழிலாளர்கள் குடியிருக்கும் பதினோரு வீடுகள் கொண்ட ஒரு லைன், அதன் முதுகை ஒட்டிச் செங்குத்தாக ஏறும் சரிவு. ஆகஸ்ட் மழையில் சரிவின் உச்சியில் ஒரு விரிசல் விழுந்தது. கம்பெனி வந்து, சரிவின் நடுவில் துளை போட்டு ஒரு குழாயை இறக்கியது. மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று அதில் தெரியும். தரையிலிருந்து மூன்று மீட்டருக்குக் கீழே நின்றால் பயமில்லை. அதற்கு மேலே ஏறினால் லைனில் ஆள் இருக்கக் கூடாது. கம்பெனி வகுத்த எல்லை அது.

வாரம் இரண்டு முறை அந்தக் குழாய்க்குள் அளவு நாடாவை இறக்குவதுதான் கெஸியாவின் வேலை. நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டதும் 'கீ' என்று ஒரு சத்தம் வரும். குழாயின் வாயிலிருந்துதான் அளக்க முடியும். குழாயோ தரைக்கு மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்டத்தைக் கழித்தால்தான் உண்மையான ஆழம் கிடைக்கும். அதற்கென்று படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'குழாய் தரைக்கு மேல் எவ்வளவு.' ஒவ்வொரு முறையும் அளந்து எழுத வேண்டும். முதல் நாள் அளந்தாள். முப்பது செண்டிமீட்டர். அதன் பிறகு, இரும்புக் குழாய் என்ன வளரவா போகிறது என்று, பஸ்ஸில் உட்கார்ந்தபடியே அந்தக் கட்டத்தில் முப்பது, முப்பது என்று எழுதிக்கொண்டே போனாள்.

மூன்றாவது வாரம் தண்ணீர் மூன்று மீட்டர் ஐந்து செண்டிமீட்டருக்கு ஏறிவந்தது. எல்லைக்கு மூன்று விரற்கடைதான் மிச்சம். எஸ்டேட் ஆபீஸ் பயந்துபோய்ப் பதினோரு குடும்பத்தையும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியது. அடுத்த வாரமே அது மூன்று மீட்டர் நாற்பதுக்கு இறங்கிவிட்டது. அதற்கடுத்த வாரமும் அப்படியே நின்றது. எல்லாருக்கும் நிம்மதி. கம்பெனியில் அவளுக்கு மேலதிகாரியான ரமேஷ்குமார் கிராஃபைப் பார்த்துவிட்டு, "இதையே இண்டர்வியூல காட்டுங்க" என்று சொன்னார். வியாழக்கிழமை கம்பெனியின் கடிதம் லைன் சுவரில் ஒட்டப்பட்டது. குடியிருக்கலாம் என்று அதில் இருந்தது. கீழே ரமேஷ்குமாரின் கையெழுத்து. அதற்கும் கீழே, 'அளவு எடுத்தவர்: டி. கெஸியா.' அச்சில் தன் பெயரை அவள் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். போட்டோ எடுத்து அப்பாவுக்கு அனுப்பினாள்.

சனிக்கிழமை காலை கடைசி அளவு எடுக்கப் போனாள். கிராஃபில் இன்னொரு புள்ளி சேர்ந்தால் நன்றாக இருக்கும் என்ற ஆசைதான். லைனில் திருவிழாக் கூட்டம். பாய், பானை, டிவி, கட்டில் என்று தலையிலும் தோளிலுமாக எல்லாரும் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

"வா புள்ள, வா. உன் காயிதத்தாலதான் இன்னிக்கு எங்க லயத்துல அடுப்பு எரியுது" என்றாள் தெய்வம்மா. கொழுந்து பறிக்கிறவள், லைனில் முதல் வீடு. இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பம் என்பதால் அவள் வாயில் லைன் எப்போதும் லயம்தான். கெஸியாவுக்கு உள்ளுக்குள் பெருமையாக இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

மேலே சரிவில் வாட்ச்மேன் சங்கிலி நின்றுகொண்டிருந்தார். அவள் நாடாவை இறக்கி, சத்தம் வந்ததும் பார்த்தாள். மூன்று மீட்டர் அறுபத்தாறு. முப்பதைக் கழித்தால் மூன்று முப்பத்தாறு. நல்ல அளவு.

"குழாய் இப்ப தூரத்துல இருந்தே தெரியுதுங்களா அம்மிணி?" என்று கேட்டார் சங்கிலி.

"செடி கவாத்து வெட்டியிருக்காங்கல்லண்ணா, அதான் நல்லாத் தெரியுது."

"அதுனால மட்டும் இல்லீங்க. காட்டெருமை ரெண்டு தடவ மிதிக்கப் பாத்துச்சு. குழாய் போயிருச்சுன்னா நீங்க எப்படி அளப்பீங்கன்னு ரெண்டடித் துண்டு ஒண்ண மேல சொருகி முறுக்கி வெச்சேன்."

கெஸியா நாடாவைக் கீழே வைத்தாள். "எப்பங்கண்ணா?"

"மூணு வாரம் ஆச்சுங்க. கவாத்து வெட்டுன அதே வாரம்."

செடிகள் இடுப்பு உயரத்திலிருந்து முழங்காலுக்குக் குறைந்ததால்தான் குழாய் நெட்டையாகத் தெரிகிறது என்று மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். பையிலிருந்து ஸ்கேலை எடுத்துத் தரையில் ஊன்றினாள். இரண்டாவது முறையும் அளந்தாள். தொண்ணூற்றிரண்டு. மூன்று அறுபத்தாறில் தொண்ணூற்றிரண்டு போனால் இரண்டு மீட்டர் எழுபத்துநான்கு. எல்லையைத் தாண்டி இருபத்தாறு செண்டிமீட்டர் மேலே. தண்ணீர் இறங்கவே இல்லை. மூன்று வாரமாக ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. இறங்கிவிட்டது என்று எழுதியவள் அவள்.

"என்னுங்க அம்மிணி, தப்புப் பண்ணிட்டனுங்களா?" என்றார் சங்கிலி.

"நீங்க இல்லண்ணா" என்றாள். கீழே யாரோ கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

ரமேஷ்குமாருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் கேட்டது விரிசலைப் பற்றி.

"விரிசல் அகலமாயிருக்கா?"

"இல்லைங்க சார்."

"அப்ப பதற வேண்டாம். திங்கட்கிழமை இண்டர்வியூ முடியட்டும். நான் மேல பக்குவமா பேசி வேற கடிதம் போட்டுக்கறேன். ரெண்டு நாள்தானே? அதுவரைக்கும் நீங்க யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கெஸியா."

கெட்ட மனிதர் இல்லை அவர். அவருடைய கையெழுத்தும்தான் அந்தச் சுவரில் இருந்தது.

அவள் இறங்கிவந்து பஸ் நிற்கும் இடத்தில் நின்றாள். ரமேஷ்குமார் சொன்னதில் நியாயம் இருப்பதாகத் தோன்றியது. இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அந்த வேலை அவளுக்கு வேண்டும். அப்பாவுக்காக மட்டும் அல்ல, அவளுக்கே வேண்டும். நாடாவைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவில் ஏறும்போது அவளுக்கு இருந்த சந்தோஷம் வேறெதிலும் இருந்ததில்லை. தூறல் விழ ஆரம்பித்தது. பதினொன்றரை பஸ் வந்து நின்றது. கண்டக்டர் அவளைத் தெரிந்தவர், "ஏறுங்க" என்றார். அவள் ஏறவில்லை. தைரியம் வந்ததால் அல்ல. கால் எழவில்லை, அவ்வளவுதான்.

தெய்வம்மாவின் வீட்டு வாசலில் போய் நின்று, அளவு தப்பு, தண்ணீர் எல்லைக்கு மேலே இருக்கிறது, திரும்பப் பள்ளிக்கூடத்துக்கே போய்விடுங்கள் என்றாள். தெய்வம்மா முதலில் சிரித்தாள். விளையாட்டில்லை என்று தெரிந்ததும் முகம் மாறியது.

"காலையில இருந்து ஆறு நடை நடந்து சாமான் சுமந்திருக்கோம். எம் மாமியாரத் தூக்கிட்டு வந்திருக்கோம். இப்ப வந்து தப்புங்கிற."

"தப்புதாங்கக்கா. என் தப்புதான்."

அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்றார் ஒருவர். லைனைக் காலி பண்ணிவிட்டு இடத்தை ரிசார்ட்டுக்குக் கொடுக்கப்போகிறார்கள், அதற்கு இது நாடகம் என்றார் இன்னொருவர். தெய்வம்மா சுவரைக் காட்டினாள்.

"அந்தக் காயிதம் இருக்கலாம்னு சொல்லுது. உன் வாயி போகணும்னு சொல்லுது. ரெண்டுலயும் உம் பேருதான். நாங்க எத நம்புறது?"

கேட்டது நியாயமான கேள்வி. கெஸியா நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். 'வியாழக்கிழமை கடிதத்தில் உள்ள அளவு தவறு. குழாயின் உயரத்தை நான் அளக்காமல் எழுதினேன். தண்ணீர் இப்போது தரையிலிருந்து 2.74 மீட்டரில் நிற்கிறது. எல்லை 3 மீட்டர். இந்த வீடுகளில் இருக்க வேண்டாம்.' தேதி போட்டுக் கையெழுத்திட்டு, கம்பெனிக் கடிதத்தின் மேலேயே சோற்றுப் பசையால் ஒட்டினாள். 'அளக்காமல் எழுதினேன்' என்ற இரண்டு சொற்களை எழுதும்போது பேனா நின்றுவிட்டிருந்தது. அதை விட்டுவிட்டாலும் செய்தி போய்ச் சேரும்தான். ஆனால் அது இல்லாமல் யார் நம்புவார்கள்?

தெய்வம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு உள்ளே போய், பிரித்த மூட்டையை மறுபடி கட்ட ஆரம்பித்தாள். அவள் கிளம்பியதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கிளம்பினார்கள். போகும்போது ஒருவரும் கெஸியாவின் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பையன் மட்டும் தாளைப் போனில் படம் எடுத்தான். அவள் ஊட்டி போய் இறங்குவதற்குள் அந்தப் படம் ரமேஷ்குமாருக்கும், அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும், நௌஷாத்துக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நடந்துவரும்போது அப்பா கேட்டார். "ஏம்மா, திங்கக்கெழம சாயங்காலம் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அதுக்குள்ள சரிஞ்சிருந்தா?"

"சரியலைன்னா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ரமேஷ்குமார் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்விகள் கேட்டதெல்லாம் நடுவில் இருந்த பியாட்ரிஸ் மேடம்தான். முப்பது வருடம் சரிவுகளில் நடந்த பெண்மணி என்று சொன்னார்கள். அவர் முன்னால் கெஸியாவின் ஆறு வாரப் படிவங்கள் இருந்தன.

"எல்லாத்துலயும் முப்பதுன்னு இருக்கு. அளந்தீங்களா?"

"முதல் நாள் மட்டும் அளந்தேன் மேடம். மத்ததெல்லாம் அளக்காமலே எழுதினது."

"ஒரே வாரத்துல முப்பத்தஞ்சு செண்டிமீட்டர் இறங்கியிருக்கு. மழை நிக்கவே இல்ல. உங்களுக்குச் சந்தேகமே வரலையா?"

"வந்துச்சு மேடம். ஆனா இறங்கணும்னு எல்லாரும் ஆசைப்பட்டாங்க. நானும் ஆசைப்பட்டேன். அதனால ஏன்னு கேட்டுக்கல."

பியாட்ரிஸ் மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "தப்ப ஒத்துக்கிட்டது சரி. ஆனா எங்களுக்கு எழுத்துல சொல்லாம நேரா சுவத்துல போய் ஒட்டியிருக்கீங்க. நாளைக்கு எங்க பேர்ல வேலை செய்யும்போது இப்படிச் செஞ்சா?"

பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தபடி முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். "அன்னிக்கு மாதிரியே ஆள் உள்ள இருந்தா, செய்வேன் மேடம்."

"உண்மையைச் சொன்னதுக்கு நன்றி" என்றார் அவர். அப்படிச் சொன்னால் வேலை இல்லை என்று அர்த்தம் என்பது கெஸியாவுக்குத் தெரிந்தே இருந்தது. சாயங்காலம் அறிவிப்புப் பலகையில் நௌஷாத்தின் பெயர் வந்தது. அவள் அவனுக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும். மறுநாள்தான் அவளுக்கு அது வாயில் வந்தது.

சரிவு சரியவில்லை. அந்த இரண்டு நாளும் மழை கொட்டியது. சரியவில்லை. அந்த வாரம் முழுக்கக் கொட்டியது. அப்போதும் சரியவில்லை. தினமும் காலையில் எழுந்ததும் கெஸியா போனை எடுத்துப் பார்ப்பாள். ஒன்றும் இருக்காது. அப்பாடா என்று இருக்கும். அந்த அப்பாடாவுக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. ஆள் இல்லாத வீடுகள்தானே, ஒரு மூலையாவது இடிந்து விழுந்திருக்கக் கூடாதா என்ற நினைப்பு. அப்போது அப்பாவும் நௌஷாத்தும் பியாட்ரிஸ் மேடமும் தெரிந்துகொண்டிருப்பார்கள். பதினோரு குடும்பத்தின் அடுப்பங்கரைமேல் மண் விழ வேண்டும் என்று தான் விரும்பியதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. விரும்பியது என்னவோ உண்மைதான்.

நேர்காணல் முடிந்து பன்னிரண்டாம் நாள் வெயில் அடித்தது. மழை விட்டுவிட்டது, பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டும், எல்லாரும் வீட்டுக்குப் போங்கள் என்று எஸ்டேட் ஆபீஸ் சொல்லிவிட்டது. அன்று சனிக்கிழமை. கெஸியாவின் பயிற்சிக் காலம் முடிந்து ஒரு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தது. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கல்லூரியில் நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

முதலில் குழாயின் உயரத்தை அளந்தாள். பிறகு நாடாவை இறக்கினாள். வெளியே மழை விட்டாலும், மேலே பெய்ததெல்லாம் மண்ணுக்குள் ஊறி இறங்கிவந்து சேர நாளாகும். கழித்துப் பார்த்து எழுதிக்கொண்டு கீழே இறங்கினாள். லைன் முற்றம் முழுக்க மூட்டைகள். அவளைக் கண்டதும் ஒரு பெண் காறித் துப்பினாள், வேறு பக்கமாகத்தான். தெய்வம்மா வாசலில் மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒண்ணும் ஆகலியே புள்ள."

"ஆகலைங்கக்கா."

"வேல போச்சாமே. நீ சொன்னாப்பல மண்ணு வந்து விழுந்திருந்தா ஒனக்குக் குடுத்திருப்பாங்கதானே?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "குடுத்திருப்பாங்க."

தெய்வம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, இரக்கமா என்று கெஸியாவுக்குத் தெரியவில்லை. தன் மனதில் கிடந்ததை இவள் படித்துவிட்டாள் என்று மட்டும் தோன்றியது. தலை தானாகக் கவிழ்ந்தது. பஸ்ஸுக்குத் திரும்பினாள்.

"இன்னிக்கு எவ்வளவு?" என்று பின்னாலிருந்து கேட்டாள் தெய்வம்மா.

கெஸியா நின்றாள். "ரெண்டு மீட்டர் நாப்பத்தொண்ணு. முன்னைய விட மேல வந்திருக்குங்கக்கா."

"அளந்தியா?"

"ரெண்டு தடவ அளந்தேன்."

தெய்வம்மா மூட்டையிலிருந்து எழவில்லை. வீட்டுக்குள் பானைகளை எடுத்துவைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"அடியே, ஒண்ணையும் பிரிக்காத. பாட்டிய மறுபடி தூக்கணும்."